காகிதக் கூழில் கிண்ணம் செய்து வண்ணம் தீட்டுதல்: வீட்டினருக்கான முழுமையான வழிகாட்டி

புதிதாக வாங்கிய மூங்கில் முறத்தையும் கூடையையும் அப்படியே புழங்காமல், ஊறவைத்த காகிதத்தையும் வெந்தயத்தையும் ஆட்டுக்கல்லில் சேர்த்தரைத்து, அந்த விழுதால் இடுக்குகள் அடையும்படி மெழுகிக் காயவைத்த பிறகே எடுத்தாளும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருந்தது. அதே விழுதை, மூங்கில் பின்னல் எதுவும் இல்லாமல், ஒரு பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்தால் தனிக் கிண்ணமாகவே கழன்று வரும். கடையில் கைவினைப் பொருட்கள் என்று பெட்டி பெட்டியாக விற்பவற்றை வாங்கத் தேவையில்லை; பழைய நாளிதழும் ஒரு கைப்பிடி வெந்தயமும் இருந்தால் சிறுவர் முதல் முதியவர் வரை வீட்டில் உள்ள அனைவரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

காகிதக் கூழ் வேலை என்றாலே காஷ்மீர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே உருவத்தைச் செய்பவர் ஒருவர், அதன்மேல் வண்ணம் தீட்டுபவர் வேறொருவர் என இரண்டும் தனித்தனித் தொழில்களாகவே நடக்கின்றன. நமக்கு அருகில் புதுச்சேரியைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக் கூழ்ப் பொருட்கள் புவிசார் குறியீடு பெற்றவை. பண்ருட்டியில் செய்யப்படும் கொலு பொம்மைகளிலும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளிலும் காகிதக் கூழுக்கு இடம் உண்டு. இந்த வேலைகளை உற்றுப் பார்த்தால், வண்ணத்தின் அழகில் பெரும்பங்கு அதற்கு அடியில் இருக்கும் பரப்பின் வழவழப்பால் வருவது என்பது புரியும். ஆகவே இந்த வழிகாட்டியிலும் வண்ணத்துக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையானவை

சுமார் 20 செ.மீ. வாய் அகலமுள்ள ஒரு கிண்ணத்துக்கு 200 கிராம் நாளிதழ் போதும். 16 பக்க நாளிதழ்கள் மூன்று எடுத்தால் ஏறத்தாழ அந்த எடை வரும். வழவழப்பான வார இதழ்த் தாள்களைத் தவிர்க்கவும். அவற்றின் மேல் உள்ள பூச்சு தண்ணீரில் எளிதில் கரையாததால் கூழில் துண்டு துண்டாகத் தங்கிவிடும். முட்டை அடுக்கி வரும் சாம்பல் நிற அட்டை கிடைத்தால் அதுவே முதல்தரம், ஏனென்றால் அது முன்பே ஒருமுறை கூழாகி அச்சில் வார்க்கப்பட்டது என்பதால் சில மணி நேரத்தில் ஊறிக் குழைந்துவிடும். ஆனால் முட்டை உடைந்து வழிந்த அட்டையை எடுக்கக் கூடாது.

வெந்தயம் 50 கிராம், வெள்ளைப் பசை மூன்று மேசைக்கரண்டி, முல்தானி மெட்டி ஒரு கைப்பிடி, பழைய வேட்டித் துணி, அச்சாகப் பயன்படுத்த வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம், 120 மற்றும் 220 எண் உப்புத்தாள், சாக்குப்பொடி (சாக் பவுடர்), அக்ரிலிக் வண்ணங்கள், 2 மற்றும் 4 எண் வட்டத் தூரிகைகள், அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, தண்ணீரில் கரையும் வார்னிஷ் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவும். அச்சுக்கான பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் வாய்தான் அதன் மிக அகன்ற பகுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடத்தைப் போலக் கழுத்துச் சிறுத்த பாத்திரத்தின் மேல் அப்பினால், காய்ந்த கூழை அறுத்துத்தான் கழற்ற முடியும்.

கூழ் தயாரித்தல்

நாளிதழை ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே வாட்டத்தில் படிந்திருப்பதே இதற்குக் காரணம். நேராகக் கிழியும் திசையைக் குழந்தைகளே கண்டுபிடித்து நீள நீளமாகக் கிழித்துக்கொள்ளட்டும், பிறகு அந்தக் கீற்றுகளைக் கட்டைவிரல் அகலத் துண்டுகளாகப் பிய்க்கட்டும். கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பதே நல்லது, ஏனெனில் கிழிந்த ஓரத்தில் நார்கள் பிரிந்து நிற்பதால் தண்ணீர் விரைவாக உள்ளே இறங்கும்.

கிழித்த துண்டுகள் மூழ்கும்படி வெந்நீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட வேண்டும். மறுநாள் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றினால், அச்சு மையின் கருமை சற்றுக் குறைவதோடு புளித்த நாற்றமும் வராது. வெந்தயத்தை முதல் நாள் இரவே தனியாக ஊறவைத்து, மறுநாள் இட்லி மாவுக்கு உளுந்து அரைப்பதுபோல நுரைக்க அரைத்துக்கொள்ளவும். வெந்தயத்தில் உள்ள பிசின்தான் காகித நார்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அதன் கசப்பு பூச்சியையும் ஓரளவு அண்டவிடாது. மைதாப் பசையும் நன்றாக ஒட்டும், ஆனால் பூச்சிகளுக்கு அது விருந்து என்பதால், நெடுநாள் வைத்திருக்க வேண்டிய பொருளுக்கு வெந்தயத்தையே நான் பரிந்துரைப்பேன். சில கைவினைப் பட்டறைகளில் பூச்சி வராதிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதுண்டு. அது நச்சுப் பொருள். குழந்தைகள் கை வைக்கும் கூழில் அது வேண்டவே வேண்டாம்.

ஊறிய காகிதத்தை ஆட்டுக்கல்லில் அரைப்பது மிகச் சிறந்தது. மிக்ஸிதான் இருக்கிறது என்றால், சமையலுக்கு இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஒதுக்கிவைத்த பழைய ஜாரில், ஒருமுறைக்கு ஒரு கைப்பிடிக் காகிதத்துக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். தண்ணீர் குறைந்தால் கூழ் பிளேடைச் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறிவிடும். எழுத்துகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரைந்ததும், வேட்டித் துணியில் ஊற்றி மூட்டையாகக் கட்டிப் பிழியவும். பிழிந்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் அதிலுள்ள நார்கள் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும், ஆகவே தோட்டத்து மண்ணில் ஊற்றிவிடுவதே உத்தமம்.

எவ்வளவு பிழிவது என்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு கைப்பிடிக் கூழை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் சில சொட்டுகள் மட்டும் கசிய வேண்டும். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். அதைவிட ஈரமாக இருந்தால் அச்சின் மேல் நிற்காமல் சரியும், அதைவிட உலர்ந்திருந்தால் பரப்பும்போது விண்டுபோகும். சரியான பதம் வந்ததும் வெந்தய விழுது, வெள்ளைப் பசை, முல்தானி மெட்டி ஆகியவற்றைச் சேர்த்துச் சப்பாத்தி மாவு பிசைவதுபோல நன்றாகப் பிசையவும். முல்தானி மெட்டி சேர்ந்த கூழ் காயும்போது குறைவாகச் சுருங்கும், மேற்பரப்பும் நயமாக வரும். ஒரே நாளில் கூழ் முழுவதையும் பயன்படுத்த முடியாவிட்டால் மூடியுள்ள டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடவும்.

அச்சில் அப்புதல்

எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தவும். துணி இல்லாமல் நேரடியாக அப்பினால் கூழ் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதியின் நடுவிலிருந்து தொடங்கி, எலுமிச்சை அளவு உருண்டைகளை ஒன்றன் ஓரத்தில் மற்றொன்று ஏறும்படி வைத்து, விரல்களால் அழுத்திக்கொண்டே விளிம்பு நோக்கி இறங்க வேண்டும். இரண்டு உருண்டைகள் சேரும் இடத்தைத் தேய்த்து ஒன்றாக்காமல் விட்டால், காயும்போது பிளவு அங்கேதான் வரும்.

கனம் எங்கும் அரை செ.மீ. அளவில் ஒரே சீராக இருக்க வேண்டும். தென்னை ஈர்க்கு ஒன்றில் அரை செ.மீ. உயரத்தில் மையால் கோடு போட்டுக்கொண்டு, ஆங்காங்கே கூழில் குத்திப் பார்த்தால் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பது தெரிந்துவிடும். விளிம்பை மட்டும் சற்றுத் தடிமனாக விடுவது நல்லது, கிண்ணம் கையிலிருந்து நழுவினால் முதலில் அடிபடுவது விளிம்புதான். இறுதியாக ஒரு கரண்டியின் முதுகைத் தண்ணீரில் நனைத்து மேற்பரப்பு முழுவதும் வழித்துவிட வேண்டும். இந்த வழிப்புக்குச் செலவிடும் நேரம் பின்னால் உப்புத்தாளோடு போராடும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கும்.

காயவைத்தல்

இதற்கு அவசரம் ஆகாது. அப்பிய உடனே கடும் வெயிலில் வைத்தால் வெளிப்புறம் மட்டும் விரைவாகச் சுருங்க, உள்ளே இருக்கும் உலோக அச்சு விட்டுக்கொடுக்காததால் கூழ் வெடித்துவிடும். ஆகவே முதல் நாள் முழுவதும் காற்றோட்டமுள்ள நிழலில் வைக்கவும். மறுநாள் வெளிப்புறம் தொட்டால் கையில் ஒட்டாமல், தோல் போல விறைப்பாக இருக்கும். அந்த நிலையில் துணியின் நான்கு ஓரங்களையும் மெல்ல இழுத்துக் கிண்ணத்தைக் கழற்றி, துணியையும் உரித்துவிட வேண்டும். உலோகத்தின் வழியே ஈரம் வெளியேற முடியாது என்பதால், கழற்றாமல் விட்டால் உட்புறம் வாரக்கணக்கில் நசநசத்துப் பூஞ்சை பிடிக்கும்.

கழற்றிய கிண்ணத்தை ஒரு முறத்தின் மேலோ கம்பித் தட்டின் மேலோ வைத்து, ஒருநாள் நிமிர்த்தியும் ஒருநாள் கவிழ்த்தும் இள வெயிலில் காயவிடவும். பங்குனி, சித்திரையில் நான்கு நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். முழுவதும் காய்ந்ததா என்பதை அறிய, கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம்: சில்லென்று பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சந்தேகம் தீராதவர்கள் சமையலறைத் தராசில் இன்றும் நாளையும் நிறுத்துப் பார்க்கட்டும். எடை குறையாமல் அப்படியே இருந்தால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மயிரிழை வெடிப்புகள் இருந்தால் வெள்ளைப் பசை கலந்த சிறிது கூழைத் திணித்து, அந்த இடத்தை மட்டும் மீண்டும் ஒருநாள் காயவைக்கவும்.

தேய்த்தலும் அடிப்பூச்சும்

முதலில் 120 எண் உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்து இறக்கி, பிறகு 220 எண்ணால் வழவழப்பாக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் தூசு மிக நுண்ணியது. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து, மொட்டை மாடியிலோ முற்றத்திலோ பெரியவர் ஒருவரே இந்த வேலையைச் செய்வது நல்லது. சிறுவர்கள் அந்த நேரத்தில் கோல மாதிரிகளைத் தாளில் வரைந்து பார்க்கட்டும். தேய்த்து முடித்ததும் தண்ணீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் தூசைத் துடைத்தெடுக்கவும்.

அடிப்பூச்சுக்கு, சல்லடையில் சலித்த சாக்குப்பொடி மூன்று பங்கும் வெள்ளைப் பசை ஒரு பங்கும் எடுத்து, தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதம் வரும் வரை தண்ணீர் விட்டுக் கலக்கவும். தட்டைத் தூரிகையால் முதல் பூச்சைக் குறுக்காகவும், அது காய்ந்ததும் இரண்டாவதை நெடுக்காகவும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் 220 எண் உப்புத்தாளை இலேசாக ஓட்டினால், மூன்றாவது பூச்சில் கிண்ணம் முட்டை ஓடு போலத் தோன்றும். சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷன் இருந்தால் அதையும் அடிப்பூச்சாகப் பயன்படுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பரண் மேல் பல ஆண்டுகளாகக் கிடக்கும் எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்து குழந்தைகளின் கையில் கொடுத்துவிடக் கூடாது. வீட்டுப் பயன்பாட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்களில் ஈயம் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

வரைதலும் தீட்டுதலும்

கிண்ணத்தின் உட்புறத்தில் எட்டிதழ்த் தாமரை வரைவது தொடக்கத்துக்கு ஏற்றது. வட்டமாக வெட்டிய ஒரு தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுச் சம பாகங்களுக்கான மடிப்புகள் கிடைக்கும். தாளைக் கிண்ணத்தின் வாய்மேல் பொருத்தி, மடிப்புகள் விளிம்பைத் தொடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளிலிருந்து அடியின் மையத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டால் இதழ்கள் கோணாமல் வரும். வெளிப்புறத்துக்குப் புள்ளிக் கோலம் பொருத்தமானது. கோலத்தில் கை பழகியவர் வீட்டில் ஒருவராவது இருப்பார், அவரை இந்த இடத்தில் அழைத்துக்கொள்ளலாம். வளைந்த பரப்பில் புள்ளி வரிசை மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் போகும் என்பதால், பெரிய கோலம் ஒன்றைச் சுற்றிலும் இழுப்பதைவிடச் சிறிய கோலங்களைத் தனித்தனியே வைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும்.

வண்ணங்களை நான்குக்குள் நிறுத்திக்கொள்வது என் விருப்பம்: காவி, வெள்ளை, மஞ்சள், கரும்பச்சை. போஸ்டர் வண்ணம் மலிவுதான், ஆனால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. துணிக்குத் தீட்டும் வண்ணமும் பெரும்பாலும் அக்ரிலிக் வகையே என்பதால் வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். காவி கடையில் கிடைக்காவிட்டால், சிவப்பில் சிறிது மஞ்சளும் ஈர்க்கு நுனியளவு கறுப்பும் கலந்தால் வந்துவிடும். எப்போதும் வெளிர் நிறத்தில்தான் அடர்நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கறுப்பில் மஞ்சளைக் கொட்டத் தொடங்கினால் மஞ்சள் குப்பி காலியாகுமே தவிர நிறம் மாறாது.

முதலில் பின்னணி நிறம் முழுவதையும் இரண்டு பூச்சாக அடித்துக் காயவிட்டு, அடுத்து இதழ் போன்ற பெரிய வடிவங்களையும், அதற்கடுத்து கோடுகளையும், கடைசியாகப் புள்ளிகளையும் இட வேண்டும். காவிப் பின்னணியின் மேல் மஞ்சளை நேரடியாகத் தீட்டினால் அது மங்கிப் போகும். முதலில் அந்த வடிவத்தை வெள்ளையால் நிரப்பி, அதன் மேல் மஞ்சளை அடித்தால் பளிச்சென்று நிற்கும். புள்ளிகளுக்குத் தூரிகையின் பின்முனையோ ஈர்க்கோ போதும். ஒருமுறை தொட்ட வண்ணத்தில் தொடர்ந்து வைத்துக்கொண்டே போனால் புள்ளிகள் படிப்படியாகச் சிறுக்கும். இதழ் நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும் வரிசைக்கு அதையே உத்தியாகக் கொள்ளலாம். எல்லாம் ஒரே அளவில் வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட வேண்டும். தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைத்தால் மயிர் வளைந்துவிடும், ஆகவே உடனுக்குடன் கழுவிப் படுக்க வைக்கவும்.

பெரியவர்கள் வரைந்த கோட்டுக்குள் குழந்தைகளை நிரப்பச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. குழந்தைக்கென்று ஒரு சிறு கிண்ணத்தைத் தனியாக வார்த்துக் கொடுத்துவிட்டு, அதில் அவர்கள் நினைத்ததைத் தீட்ட விட வேண்டும். அதன் விளைவு வாசல் கோலத்தைப் போல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒருநாள் முழுவதும் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையும் வார்னிஷை இரண்டு பூச்சு மெல்லியதாக அடிக்கவும். வெள்ளைப் பசையை நீர்க்கக் கலந்து வார்னிஷுக்குப் பதிலாகப் பூசலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் அது பிசுபிசுத்து வெளுத்துப் போவதால் நான் அதை ஏற்கவில்லை. முடிந்த கிண்ணத்தில் சாவி, வளையல், நூற்கண்டு, கொலுப்படியில் வைக்கும் சிறு பொம்மைகள் ஆகியவற்றை வைக்கலாம். உள்ளே இருப்பது அச்சு மை படிந்த காகிதம் என்பதால் உணவுப் பண்டங்களை நேரடியாக வைக்கக் கூடாது, வார்னிஷ் அடித்திருந்தாலும் தண்ணீரில் கழுவவும் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மிஞ்சிய வண்ணத்துக்கு மண் தொட்டி

வண்ணமும் வார்னிஷும் மிஞ்சியிருந்தால் செடி வைக்கும் சுட்ட மண் தொட்டிக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். இங்கே உருவம் செய்யும் வேலை இல்லை, ஆனால் ஈரத்தின் தொல்லை உண்டு. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும் இயல்புடையது. உள்ளிருக்கும் ஈரம் சுவரின் வழியே வெளியே வரும்போது கரைந்த உப்பையும் கொண்டுவந்து, வெளிப்பூச்சைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. தொட்டியைச் சோப்பில்லாமல் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பிறகு, உட்புறத்தில் வார்னிஷை இரண்டு பூச்சு அடித்து ஈரம் ஏறாமல் செய்துவிட்டு வெளிப்புறம் முழுவதும் தீட்டலாம். அல்லது செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலேயே விட்டு, அதை அப்படியே மண் தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம்.

இரண்டில் எதைச் செய்தாலும் அடியில் உள்ள வடிகால் துளையை வண்ணத்தாலோ வார்னிஷாலோ அடைத்துவிடக் கூடாது. செடியை நேரடியாக மண் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும் என்பவர்கள், உட்புறத்தில் எதையும் பூசாமல், வெளியே கழுத்துப் பட்டையில் மட்டும் காவியடித்து வெள்ளைக் கோலம் இட்டு, மற்றப் பகுதியை வெறுமனே விட்டுவிடட்டும். மண் நிறமே நல்ல பின்னணியாக அமைவதோடு, வேருக்கு வேண்டிய காற்றும் தடைபடாது.